பஞ்ச்கனி ஹாஸ்டல் பையன் டு ‘குயின்’ நாயகன்: யார் இந்த ஃப்ரெடி மெர்க்குரி? அவர் ஆல்பங்களை ஏன் ஹெட்ஃபோனில் கேட்கணும்?

கொடைரோடு ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறும் போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்குப் புதுசு இல்லை. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-லேயே கொடைக்கானலில் ஹாஸ்டலோடு பள்ளி வந்துவிட்டது. மகாராஷ்டிராவில் அதே மாதிரியான ஊர் பஞ்ச்கனி. மும்பையிலிருந்து புனே போய், அங்கிருந்து மலையேற வேண்டும். அங்குள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி ஹாஸ்டலில் 1950-களில் கொண்டுவந்து விடப்பட்ட 8 வயதுப் பையன்தான், பின்னாளில் உலகத்தையே கைதட்ட வைத்த ஃப்ரெடி மெர்க்குரி.

‘குயின்’ இசைக்குழுவின் பாடகர் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது மீசையும், வெள்ளை பனியனும், பாதி உடைந்த மைக் ஸ்டாண்டும்தான். 2018-ல் வந்த ‘போஹீமியன் ராப்சடி’ படமும் அந்த மேடை உருவத்தைத்தான் பெரிசாக்கியது. ஆனால் இவர் தன் உழைப்பைக் கொட்டியது ஸ்டூடியோவில். அந்த உழைப்பு வீட்டில் உட்கார்ந்து முழு ஆல்பமாகக் கேட்டால்தான் காதில் விழும்.

பெயர் என்ன, ஊர் எது?

நிஜப் பெயர் ஃபரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5-ல் ஆப்பிரிக்கக் கடற்கரையை ஒட்டிய சான்சிபார் தீவில் பிறந்தார். பெற்றோர் குஜராத்திலிருந்து போன பார்சிகள். வல்சாட் ஊரின் பழைய பெயரான புல்சார்தான் குடும்பப் பெயரில் ஒட்டியிருக்கிறது. அப்பா பிரிட்டிஷ் அரசு வேலையில் கேஷியர்.

நல்ல படிப்பு வேண்டும் என்று கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். லீவு விட்டால் சான்சிபாருக்குப் போய்வர முடியுமா? மும்பையில் சொந்தக்காரர்கள் வீடுதான். மேல்வரிசையில் கூடுதலாக முளைத்த பற்களால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நிற்க, ஹாஸ்டல் பசங்க கேலி செய்தார்கள். பணம் வந்த பிறகும் அவர் பல்லைச் சரிசெய்துகொள்ளவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம்.

ஃப்ரெடி என்ற பெயர் ஹாஸ்டலில் வந்தது. பியானோவும் அங்கேதான் கைவசமானது. ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டால் போதும், அதை அப்படியே பியானோவில் வாசித்துக் காட்டுவாராம். 12 வயதில் பள்ளி நண்பர்களோடு ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற குழு. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் குழுவில் முக்கியப் பாடகர் வேறொரு பையன். ஃப்ரெடி பியானோக்காரர்!

1963-ல் சான்சிபார் திரும்பினார். அடுத்த வருஷமே அங்கே புரட்சி வெடித்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று குடும்பம் லண்டன் பக்கம் ஃபெல்தமில் குடியேறியது. ஈலிங் கலைக் கல்லூரியில் ஓவியம், டிசைன் படிப்பு. கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வெறித்தனமான ரசிகர். கென்சிங்டன் மார்க்கெட்டில் டிரம்மர் ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய துணிக்கடை வேறு. 1970-ல் கிடார் கலைஞர் பிரையன் மேவுடன் இந்த இருவரும் இணைய, ‘குயின்’ உருவானது. அந்தப் பெயரை வைத்ததும், நால்வரின் ராசிச் சின்னங்களை வைத்து லோகோ வரைந்ததும் ஃப்ரெடிதான். பேஸ் கிடார் வாசிக்க ஜான் டீக்கன் 1971-ல் வந்து சேர்ந்தார்.

எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

பெரும்பாலானோர் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது சாப்பாட்டில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துபோகிற மாதிரி. 1974-ல் வந்த ‘குயின் 2’-வில் தொடங்கலாம். அந்த இசைத்தட்டில் ஏ பக்கம், பி பக்கம் கிடையாது. ‘வெள்ளைப் பக்கம்’, ‘கறுப்புப் பக்கம்’ என்றுதான் பெயர். கறுப்புப் பக்கம் முழுக்க ஃப்ரெடி எழுதியது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று எங்கே தொடங்கியது என்று தெரியாமல் ஓடும். ஷஃபிளில் போட்டால் கெட்டது கதை.

அதே வருஷக் கடைசியில் ‘ஷியர் ஹார்ட் அட்டாக்’. 1975 நவம்பரில் ‘எ நைட் அட் தி ஓபரா’. இதில்தான் அந்த 5 நிமிடம் 55 நொடிப் பாட்டு, ‘போஹீமியன் ராப்சடி’.

அந்தப் பாட்டை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1975-ல் நம்ம கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங் என்றால் பாடகர், வயலின், தபேலா எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட, மொத்தமாகப் பதிவாகும். ஒருத்தர் தப்பு செய்தால் முதலிலிருந்து வரணும். லண்டனில் அப்போது 24 டிராக் டேப் வந்துவிட்டது. தனித்தனியாகப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். நடுவில் வரும் ஓபரா பகுதியில் கூட்டமாகப் பாடுவது போலக் கேட்பது ஃப்ரெடி, பிரையன், ரோஜர் என்ற மூன்றே பேர் குரல். ஒரு நாளைக்கு 10, 12 மணி நேரம், சுமார் 3 வாரம் பாடி அடுக்கினார்கள். திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பின் மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு ஆகிவிட்டது.

இவ்வளவு நீளப் பாட்டை ரேடியோ போடாது என்று கம்பெனி தயங்கியது. லண்டன் கேபிடல் ரேடியோவின் கென்னி எவரெட் ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிபரப்பினார். பிரிட்டனில் 9 வாரம் முதலிடம்!

இதை மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி போச்சு. குரல்கள் இடது காதிலிருந்து வலது காதுக்குத் தாவும்படிதான் கலந்திருக்கிறார்கள். சாதாரண இயர்ஃபோன் போதும். அதே ஆல்பத்தில் ‘தி ப்ராபெட்ஸ் சாங்’ இருக்கிறது. நடுவில் வாத்தியம் எல்லாம் நின்றுபோய், ஃப்ரெடியின் குரல் மட்டும் எதிரொலியாகி, தன்னோடு தானே சேர்ந்து பாடும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்க.

1977-ல் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’. ஸ்டேடியங்களில் இன்றும் கேட்கும் ‘வீ ஆர் தி சாம்பியன்ஸ்’ அதில் வந்தது. 1982-ன் ‘ஹாட் ஸ்பேஸ்’ டிஸ்கோ பக்கம் சாய்ந்த ஆல்பம். ரசிகர்களே முகம் சுளித்தார்கள், அதைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை. 1985 ஜூலை 13-ல் லண்டன் வெம்ப்ளியில் ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் குயின் வாசித்த 20 நிமிடம் எல்லோரும் பார்த்த வீடியோ, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி வருஷங்களில் என்ன நடந்தது?

இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் உறுதியானது 1986-ல், சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவின் சோதனையில். அதற்கு அடுத்த வருஷம் லண்டனில் ஃப்ரெடிக்கு எச்ஐவி தொற்று உறுதியானது. இங்கேயும் சரி, அங்கேயும் சரி, அந்தப் பெயரைச் சொன்னாலே ஒதுக்கிவைத்த காலம். வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை. ஆண்களோடு இருந்த உறவையும் அப்படித்தான் வெளிப்படையாகப் பேசாமலேயே இருந்தார்.

ஆனால் பாடுவதை நிறுத்தவில்லை. ஸ்பெயினின் ஓபரா பாடகி மொன்செராட் கபாயேவோடு சேர்ந்து 1988-ல் ‘பார்சிலோனா’ ஆல்பம். 1991 பிப்ரவரியில் குயினின் ‘இன்னுயெண்டோ’. நிற்கவே சிரமப்பட்ட மனிதர் பாடியது என்று தெரியாமல் கேட்டால், குரலில் அந்த அடையாளமே தெரியாது.

1991 நவம்பர் 23-ல் தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கையில் ஒப்புக்கொண்டார். அடுத்த நாளே மரணம். வயது 45. பார்சி குருமார்கள் ஜொராஸ்ட்ரிய முறைப்படி இறுதிச் சடங்கு நடத்தினார்கள். குழுவினர் 1992-ல் தொடங்கிய மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை, எய்ட்ஸ் ஒழிப்புப் பணிகளுக்கு நிதி தருகிறது.

கடைசி மாதங்களில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஸ்டூடியோவில் முடிந்தவரை பாடிப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மற்ற மூவரும் அதற்கு இசை சேர்த்து 1995-ல் ‘மேட் இன் ஹெவன்’ என்று வெளியிட்டார்கள். அதில் ‘மதர் லவ்’ பாட்டின் கடைசிச் சரணத்தில் மட்டும் குரல் மாறும். மீதியைப் பிறகு வந்து பாடுகிறேன் என்று போன ஃப்ரெடி திரும்பவில்லை. அதைப் பாடியிருப்பது பிரையன் மே.