கையே கண்

ஐம்புலன்களுள் கண்ணே தலையாயது என்பர். அக்கண்ணொளியை இளமையிலேயே இழந்த ஒருவர், நீராவிப் படகுகளும் பந்தயப் பாய்க்கப்பல்களும் கட்டி உலகப் புகழ் எய்தினார் என்றால் கேட்போர் எளிதில் நம்பார். அங்ஙனம் புகழ் எய்தியவர் அமெரிக்க நாட்டினரான ஜான் பிரவுன் ஹெரஷாப் என்பவர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக் கடற்கரையில் ரோட் ஐலண்டு என்னும் சிறிய மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தில் கடலை அடுத்துள்ள பிரிஸ்டல் என்னும் ஊரில் 1841ஆம் ஆண்டு ஜான் பிறந்தார். அவர்தம் தந்தையார் படகு செலுத்துவதில் பேரார்வம் உடையவர்; அவ்வார்வம் மக்களையும் பற்றிக்கொண்டது. சிறுவராய் இருந்தபோதே ஜானின் கைகள் உளியையும் இழைப்புளியையும் ஆளப் பழகின. அவர் தமக்கென ஒரு சிறு படகைக் கட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள், ஏறத்தாழ 15ஆம் அகவையில், அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன.

பாதியில் நின்ற படகைப் போலவே அவர்தம் வாழ்வும் நின்றுவிட்டதாகத் தோன்றியது. சிலகாலம் அவர் துயரில் ஆழ்ந்திருந்தார். பின்னர் மனந்தேறி எழுந்து, தந்தையார் துணைசெய்ய, அப்படகைக் கட்டி முடித்தார். பார்வை போயிற்றேயன்றிக் கைத்திறன் போகவில்லை என்பதை அப்படகு அவருக்கு உணர்த்திற்று.

ஜானுக்கு ஏழாண்டு இளையவர் நத்தானியேல் என்னும் தம்பி. அவர் 1848ஆம் ஆண்டு பிறந்தவர். படகில் செல்லுங்கால் அண்ணனுக்குக் கண்ணாக இருந்தவர் அவரே. 1860ஆம் ஆண்டு இக்குடும்பத்தார் ஸ்பிரைட் என்னும் படகைக் கட்டினர். சிறிய மாதிரியிலிருந்து அதன் அளவுகளைக் கணக்கிட்டு உதவியபோது நத்தானியேலுக்கு அகவை 12தான்.

இருபது அகவை கடந்ததும், ஜான் படகு கட்டுவதையே தம் தொழிலாகக் கொண்டார். தம்பியோ பாஸ்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்று, பிராவிடன்ஸ் நகரில் புகழ்பெற்ற நீராவிப் பொறித் தொழிற்சாலையில் பணியேற்றார். ஆயினும், ஓய்வுப் பொழுதில் அண்ணனுக்காகப் படகுகளை வடிவமைத்து வந்தார். 1878ஆம் ஆண்டு நிலையான அவ்வூதியத்தை விடுத்து அண்ணனோடு சேர்ந்தார். ஹெரஷாப் நிறுவனம் அவ்வாண்டு தோன்றியது.

சகோதரர் இருவரும் தொழிலைப் பகுத்துக்கொண்ட முறை அறியத்தக்கது. தம்பி ஒரு படகின் பாதி வடிவத்தை மரத்துண்டில் சிறிதாகச் செதுக்குவார். அண்ணன் அதனைக் கையிலேந்தி, முனை முதல் கடை வரை விரல்களால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தப்பும் சிறு மேடு பள்ளமும் அவ்விரல்களுக்குத் தப்பா. இருவரும் உடன்பட்ட பின்னரே அம்மாதிரியிலிருந்து அளவுகள் எடுக்கப்படும். படகின் விலாவென நிற்கும் வங்குகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு அமைப்பர். பின்னர்ப் படகைத் தலைகீழாக வைத்துப் பலகை பொருத்துவர். மரம் வாங்குதல், விலை பேசுதல், ஆட்களை நடத்துதல் ஆகியன ஜானின் பொறுப்பு. செலவுக் கணக்கை எல்லாம் அவர் மனத்திலேயே போட்டுவிடுவார்.

தொடக்கத்தில் அவர்களுக்குப் பெயர் தந்தவை நீராவிப் படகுகள். மற்றொரு சகோதரராகிய ஜேம்ஸ், சுருள் வடிவக் கொதிகலன் ஒன்றை அமைத்திருந்தார். அதனால் விரைந்து நீராவி பெற முடிந்தது. அமெரிக்கக் கடற்படைக்காக இச்சகோதரர்கள் 1876ஆம் ஆண்டிலேயே மின்னல் என்னும் பொருள்படும் பெயருடைய விரைவுப் படகு ஒன்றைக் கட்டியிருந்தனர். ஆனால், வெற்றியோடு துன்பமும் வந்தது. 1888ஆம் ஆண்டு, புதிய நீராவிப் படகு ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது கொதிகலன் விபத்தில் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். நத்தானியேல் பொறி இயக்கும் உரிமத்தை இழந்தார்.

அதன்பின் பந்தயப் பாய்க்கப்பல்களில் அவர்கள் தம் திறத்தை மிகுதியாகச் செலுத்தினர். 1891ஆம் ஆண்டு கட்டிய குளோரியானா, தான் ஓடிய பந்தயங்களில் எல்லாம் வென்று வியப்பூட்டியது. அமெரிக்கக் கோப்பை என்பது பாய்க்கப்பல் பந்தயங்களுள் தலைசிறந்தது. அக்கோப்பையை 1893, 1895, 1899, 1901, 1903 ஆகிய ஆண்டுகளில் காத்தவை இக்குடும்பத்தார் கட்டிய கப்பல்களே. இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வைத்திருந்த தாமஸ் லிப்டன் பெருமகனார், இக்கப்பல்களோடு மீண்டும் மீண்டும் பொருது தோற்றார். 1903ஆம் ஆண்டு அவரை வென்ற ரிலையன்ஸ் என்னும் கப்பலின் பாய்களின் பரப்பு 16,000 சதுர அடிக்கும் மிகுதியாகும்.

பெருஞ்செல்வர்க்கு மட்டுமே அவர்கள் கப்பல் கட்டினார் அல்லர். சிறுவர் சிறுமியர் அச்சமின்றிப் பாய்விரித்துப் பழகுதற்கென 1914ஆம் ஆண்டு ஒரு சிறு படகை அமைத்தனர். அவ்வடிவில் இன்றும் படகுகள் கட்டப்படுகின்றன.

1915ஆம் ஆண்டு ஜான் மறைந்தார். அவர் இருந்தபோது கட்டப்பெற்ற ரெசொலூட் என்னும் கப்பல், முதல் உலகப் போரால் பந்தயம் தடைப்பட்டமையின், 1920ஆம் ஆண்டிலேதான் ஓடி வென்றது. அவ்வெற்றியைக் கேட்க அவர் இல்லை. அண்ணன் மறைந்தபின் தம்பியால் நிறுவனத்தைத் தனித்து நடத்த இயலவில்லை. வடிவமைப்பில் இணையற்றவராயினும் வாணிகத்தில் அவர் மனம் செல்லவில்லை. நிறுவனம் பிறர் கைக்கு மாறியது. 1924ஆம் ஆண்டு ஏலத்திலும் விடப்பட்டது. நத்தானியேல் 1938ஆம் ஆண்டு காலமானார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அத்தொழிற்களமும் ஓய்ந்தது. இன்று பிரிஸ்டல் ஊரில் இக்குடும்பத்தார் பெயரால் ஒரு காட்சியகம் விளங்குகிறது.

கண் இழந்த அண்ணன் தம்பியின் கண்ணால் கண்டார். வாணிகம் அறியாத தம்பி அண்ணனின் அறிவால் வாழ்ந்தார். ஒருவரின்றி மற்றவர் அத்துணை உயர்ந்திருத்தல் அரிது. தம் குறையை எண்ணிக் கையைக் கட்டி அமராமல், தம்மிடம் எஞ்சியதைக் கொண்டு உழைத்தலும், பிறர் குறையை நிரப்பி உடன் நிற்றலும் அவர்தம் வாழ்விலிருந்து நாம் கற்கத்தக்கன.