பூட்டிய கதவுக்குள்ளே ஒரு பந்தாட்டம்

தோட்டத்துத் திடலில் பந்தோடு ஓடும் பிள்ளைகளுக்காக இன்று ஒரு பயிற்றுநரின் கதையைச் சொல்கிறோம்.

ஜான் மெக்லெண்டன் 1915-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நைஸ்மித்தே பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசான். ஆனால் தோல் கறுப்பு என்று குழுவில் ஆடவிடவில்லை. ஆடவிடலேன்னா என்ன? ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கக் கத்துக்கிட்டார்.

பிறகு வட கரோலினாவில், டர்ஹம் நகரில், கறுப்பர் கல்லூரிக்குப் பயிற்றுநரானார். இரு இனமும் சேர்ந்து ஆடத் தடை இருந்த காலம் அது. 1944 மார்ச் 12, ஞாயிறு காலை. ஊரார் தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து, டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளைக்கார மாணவர்கள் ரகசியமாக வந்தார்கள். கதவைப் பூட்டிக்கிட்டு ஆடினார்கள். 88-க்கு 44; மெக்லெண்டன் பிள்ளைகளுக்கே வெற்றி! அதன்பின் இரு தரப்பும் கலந்து இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். பல்லாண்டு காலம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து டென்னசி. வெள்ளையர் கல்லூரிகளும் மோதும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது, அவர்கள் தங்கும் ஓட்டலிலேயே எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1957, 1958, 1959 மூன்று ஆண்டும் தொடர்ந்து பட்டம் வென்றார். 1966-ல் கிளீவ்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வெள்ளையர் மிகுந்த பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தலைமைப் பயிற்றுநரான முதல் கறுப்பர் அவரே.

1999-ல் கண் மூடினார். பயிற்றுநர் என்ற முறையில் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் அவரை ஏற்றதோ 2016-ல்தான்.

தோழர்களே, தொழிலைக் கத்துக்கணும். உரிமையைக் கேட்டும் வாங்கணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பூட்டிய கதவு திறக்காது.