தாலூத் மன்னரும் தாபூத் பேழையும்

நபியாக அல்லாமல் மன்னராக மட்டும் இருந்து, திருக்குர்ஆனில் பெயர் சொல்லிச் சிறப்பிக்கப்பட்ட பேறு பெற்றவர் தாலூத். அவருடைய வரலாறு ஸூரத்துல் பகராவில் 246 முதல் 251 வரையுள்ள ஆயத்துகளில் வருகிறது.

ஹழ்ரத் மூஸா (அலை) அவர்களுக்குப் பின் பல தலைமுறைகள் சென்றிருந்தன. பனீ இஸ்ராயீல்களிடம் அரசரும் இல்லை, ஒற்றுமையும் இல்லை. எதிரிகள் அவர்களை வீடு வாசலை விட்டும், பெற்ற மக்களை விட்டும் விரட்டியடித்தனர். உயிரினும் மேலாக அவர்கள் போற்றிவந்த தாபூத் என்னும் பேழையும் கைவிட்டுப் போயிற்று.

அது இரண்டரை முழ நீளமும், ஒன்றரை முழ அகலமும், ஒன்றரை முழ உயரமும் கொண்ட, பொன் வேய்ந்த மரப்பேழை என்று யூத வேத ஏடுகள் கூறுகின்றன. மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகியோரின் குடும்பத்தார் விட்டுச் சென்ற பொருட்கள் அதில் இருந்தன. கற்பலகைகளின் துண்டுகள், மூஸா (அலை) அவர்களின் அஸா போன்றவையே அவை என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குவர்.

பேழை எப்படிப் பறிபோனது? போரில் ஒருமுறை தோற்றதும், தங்கள் நடத்தையைத் திருத்திக்கொள்ளாமல், பேழையைப் போர்க்களத்துக்குத் தூக்கி வந்தார்களாம். மறுபடியும் தோற்று, அதையும் பறிகொடுத்தார்களாம். இதை அவர்களுடைய ஏடுகளே ஒப்புக்கொள்கின்றன.

பிறகு தங்கள் நபியிடம் ஓர் அரசரை நியமிக்கும்படி வேண்டினர். அந்த நபி ஷம்வீல் (அலை) என்பது பெரும்பாலான முஃபஸ்ஸிர்களின் கருத்து. அல்லாஹுத்தஆலா தாலூத்தைத் தேர்ந்தெடுத்தான். செல்வமில்லாத இவரா எங்களுக்கு அரசர் என்று தலைவர்கள் முகம் சுளித்தனர். அல்லாஹ்வோ அவருக்கு அறிவின் விசாலத்தையும் உடல் வலிமையையும் வழங்கியிருந்தான். அவருடைய ஆட்சிக்கு அத்தாட்சியாக, ஸகீனத் என்னும் மனஅமைதி பொதிந்த அப்பேழை மலக்குகளால் சுமந்து வரப்பட்டது.

நாம் கவனிக்க வேண்டியது இதற்குப் பின்னர் நடந்ததையே. பேழை திரும்பி வந்துவிட்டது; ஆயினும் சோதனை நீங்கிவிடவில்லை. படையோடு புறப்பட்ட தாலூத், வழியில் ஓர் ஆற்றைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பான் என்றும், ஒரு கையளவுக்கு மேல் அள்ளிக் குடிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் அறிவித்தார். சிலரைத் தவிர மற்றெல்லாரும் குடித்துவிட்டனர். பேழையைக் கண்ணாரக் கண்ட கூட்டம், ஒரு வாய்த் தண்ணீரில் தோற்றது! அவருடன் ஆற்றைக் கடந்தவர்களின் தொகை, ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபாக்களின் தொகையான 310க்குச் சற்று அதிகம் என்று புகாரி ஷரீபில் வருகிறது. அந்தச் சிறு கூட்டம் ஸப்ரை வேண்டி துஆச் செய்தது. ஹழ்ரத் தாவூத் (அலை) ஜாலூத்தைக் கொன்றார்கள், வெற்றி கிட்டியது. பிற்காலத்தில் கில்போவா மலைப் போரில் தாலூத் உயிர் நீத்ததாக யூத ஏடுகள் கூறுகின்றன.

பேழை என்னவாயிற்று? கி.மு. 586இல் பாபிலோனியர் பைத்துல் முகத்தஸை அழித்துப் பொருட்களை அள்ளிச் சென்றனர். யூத ஏடுகளிலுள்ள அப்பொருட்களின் பட்டியலில் பேழை இல்லை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பேய் அங்கே மீண்டும் கட்டப்பட்டிருந்த ஆலயத்தின் உள்ளறைக்குள் நுழைந்தபோது அது வெறுமையாக இருந்தது. எத்தியோப்பியாவின் அக்ஸூம் நகரக் கிறிஸ்தவர்கள் அது தங்கள் தேவாலயத்தில் இருப்பதாகக் கூறினாலும், காவல் துறவி ஒருவரைத் தவிர யாரையும் பார்க்க விடுவதில்லை.

அன்பர்களே! அது இருக்குமிடத்தை அல்லாஹ்வே அறிவான். அதைத் தேடும் கடமை நமக்கில்லை. நபிமார்கள் விட்டுச் சென்ற பொருட்களைக் கண்ணியப்படுத்துவது சரியே. அப்பேழையில் ஸகீனத்தை வைத்தவன் அல்லாஹ்தான். ஆனால் கண்ணியம் வழிபாட்டுக்கும் கீழ்ப்படிதலுக்கும் ஈடாகாது.

நம் வீடுகளைப் பார்ப்போம். பட்டுத்துணியில் சுற்றிய குர்ஆன் ஷரீப் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மய்யித்து விழுந்தால் யாஸீன் ஓதுவதற்காக இறக்குகிறோம். பிறகு மேலே ஏற்றிவிடுகிறோம். பாங்கு கேட்டும் எழாத வீட்டுக்கு, ஓதப்படாத வேதம் காவல் நிற்கும் என்று எண்ணினால், பேழையைப் போர்க்களத்துக்குச் சுமந்து போனவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பேழை தொலைந்துவிட்டது, குர்ஆனோ நம் கையில் இருக்கிறது. இன்று மஃரிபுக்குப் பின் அதை இறக்கி, பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு பக்கமேனும் ஓதுவோம். ஆற்றங்கரையில் தரிபட்டு நின்ற அந்தச் சிலரில் நம்மையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.