எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூருக்கு வந்த மருத்துவர்

தைப்பிங்கில் வளர்ந்தவர்களுக்கு மழை புதிதல்ல. தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெறும் ஊர்களில் இதுவும் ஒன்று. நான் படிவம் நான்கில் இருந்தபோது, இரண்டு நாள் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் மூவருடன் புக்கிட் லாருட் மலையேறப் போனேன். நிலச்சரிவு அபாயம் என்று பாதையின் குறுக்கே தடுப்புப் போட்டிருந்தார்கள். நல்ல வெயில், மலையோ அமைதியாக நின்றது. தாண்டிப் போகலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் எங்களைத் திட்டி வீட்டுக்கு விரட்டினார். அவர்மேல் எனக்கிருந்த கோபம், ஹோவர்ட் சோமர்வெல்லின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் போனது.

சோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். காலணி உற்பத்தி செய்யும் வசதியான குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்து மருத்துவரானார். 1916-இல் சோம் போர்க்களத்தில் பணியாற்றியபோது, காயமுற்ற வீரர்கள் நூற்றுக்கணக்கில் தரையில் கிடந்து சிகிச்சைக்குக் காத்திருந்தார்கள். என்னை முதலில் கவனியுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். அதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

மலையேறுவதில் வல்லவர் என்பதால் 1922 எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. மே மாதம் மல்லோரி, நார்ட்டனுடன் பிராணவாயுக் குப்பி இல்லாமலேயே 8,200 மீட்டருக்கு மேல் ஏறினார். அதுவரை எவரும் அவ்வளவு உயரத்தை எட்டியதில்லை. அத்துடன் திரும்பியிருக்கலாம். ஆனால் ஜூன் தொடக்கத்தில் கடும் பனி கொட்டி ஓய்ந்ததும், இன்னொரு முறை முயல முடிவு செய்தார்கள்.

ஜூன் 7. வானம் தெளிந்திருந்தது. மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்ட் மூவரும் சுமை தூக்கும் 14 பேருடன் வடக்குக் கணவாய்ச் சரிவில் ஏறினார்கள். பனி தாங்குமா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பிற்பகலில் சரிவு அப்படியே பெயர்ந்தது. முன்னால் சென்ற ஆங்கிலேயர் மூவரும் பனியிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். பின்னால் சுமையுடன் வந்தவர்களில் ஒன்பது பேர் பனிச்சுவருக்குக் கீழே விழுந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். ஏறலாம் என்று முடிவு செய்தவர்களில் ஒருவரும் சாகவில்லை. சோமர்வெல்லை வாட்டியது இதுதான். தங்களில் ஒருவராவது அவர்களோடு இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். அந்த ஏழு பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்கள் எங்கே தவறினார்கள்? புதுப்பனி, அடியிலுள்ள பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும். மேற்பரப்பு உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவற்ற அடுக்கு ஒன்று இருக்கலாம். 30 முதல் 45 பாகை வரையிலான சரிவில், நடப்பவரின் எடையே அதை உடைத்துவிடும். இன்று காஷ்மீரின் குல்மார்க் போன்ற பனிச்சறுக்குத் தளங்களில், பனி கொட்டிய மறுநாள் காலையில் சரிவுகளை மூடிவைப்பார்கள். பாதுகாப்புக் குழு முதலில் போய், விழக்கூடிய பனியை வெடி வைத்து ஆளில்லாத நேரத்தில் விழவைக்கும். பிறகுதான் திறப்பார்கள். எல்லைக் கயிற்றுக்கு அப்பாலுள்ள சரிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நம் ஊர் மண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். மழை நின்றாலும் நீர் உள்ளேயே ஊறியிருக்கும். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலி முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது மண் சரிந்து 31 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அந்தச் சனிக்கிழமை நாங்கள் பார்த்தது வெயிலை மட்டும்தான்.

எவரெஸ்ட்டிலிருந்து இறங்கிய சோமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தார்கள். அறுவை சிகிச்சை செய்யப் போதிய கைகள் இல்லை. லண்டனில் கிடைக்கவிருந்த பதவியை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்தார். பனிச்சரிவின் குற்ற உணர்வுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவரை விட்டு விலகவும் இல்லை.

1924-இல் நெய்யூரிலிருந்து மீண்டும் எவரெஸ்ட்டுக்குச் சென்றார். அதே வடக்குக் கணவாயில், புதுப்பனியால் சுமை தூக்குவோர் நால்வர் மேலே சிக்கிக்கொண்டார்கள். இம்முறை அவர்களை மீட்க சோமர்வெல், நார்ட்டன், மல்லோரி மூவரும் ஏறினார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆபத்தான சரிவைக் கடந்தவர் சோமர்வெல். கயிறு எட்டவில்லை. இருவர் சறுக்கி, விளிம்புக்கு முன் எப்படியோ நின்றார்கள். அவர் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியில் சுற்றி, அதன் நுனியைப் பிடித்தபடியே கையை நீட்டி ஒவ்வொருவராக இழுத்தார். நால்வரும் உயிரோடு இறங்கினார்கள். எனக்கு, அவர் எட்டிய உயரங்களைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் நெய்யூரில் பணி. வெற்றிலை, புகையிலை போடும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுந்திருந்த அப்பகுதியில் ரேடியம் சிகிச்சை கொடுத்தார். 1949 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்பித்தார். 1961-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர், 1975 ஜனவரி 23-ஆம் தேதி காலமானார். நெய்யூர் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. அங்கே புற்றுநோய்க்கும் சிகிச்சை உண்டு.