6 கோடிப் பேரை எண்ணிய எந்திரம்

அமெரிக்காவில் ஒரு சிறுவன் இருந்தான். எழுத்துக்கூட்டும் பாடம் என்றால் அவனுக்குக் கிலி. அந்தப் பாடம் வரும் நேரம் பார்த்து வகுப்பைவிட்டு ஓடிவிடுவான். ஒரு நாள் ஆசிரியர் கதவைப் பூட்டினார். பையன் சன்னல் வழியாகக் குதித்துவிட்டான் என்று சொல்வார்கள்!

அந்தச் சிறுவன்தான் ஹெர்மன் ஹாலரித். பிற்காலத்தில் ஒரு நாட்டின் மக்களையே எந்திரத்தில் எண்ணிக் காட்டியவர்.

1860-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந்தேதி பபலோ நகரில் பிறந்தார். 69 ஆண்டு வாழ்ந்தும் அவருக்குப் பிறந்த நாள் 16 முறைதான் வந்தது. பெற்றோர் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர்கள்.

பள்ளிக்கூடம் ஒத்துவராததால் வீட்டிலேயே பாடம் நடந்தது. படிப்பு வராத பிள்ளை அல்ல. 19 வயதில் என்ஜினீயர் பட்டம் வாங்கிவிட்டார்.

7 ஆண்டு எண்ணினார்கள்

அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் கணக்கு எடுப்பார்கள். 1880-ம் ஆண்டுக் கணக்கு வேலையில் ஹாலரித் சேர்ந்தார். அப்போது ஜனத்தொகை 5 கோடி.

வயது என்ன, எங்கே பிறந்தவர், என்ன தொழில் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவந்தார்கள். அது பெரிய வேலை அல்ல. அதை எண்ணுவதுதான் வேலை! குமாஸ்தாக்கள் தாளைப் புரட்டிப் புரட்டிக் கோடு போட்டு எண்ணினார்கள். தொழிலை எண்ண ஒரு முறை. வயதை எண்ண மறுபடியும் முதல் தாளில் இருந்து. இப்படியே 7 ஆண்டுக்கு மேல் போயிற்று. அடுத்த கணக்கு வருவதற்குள் இந்தக் கணக்கு முடியுமா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அங்கே மேலதிகாரியாக இருந்தவர் டாக்டர் பில்லிங்ஸ். ஒரு நாள் அவர் வீட்டில் விருந்து. சாப்பிட்டுக்கொண்டே, இந்த வேலைக்கு ஒரு எந்திரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஹாலரித் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

ரெயில் டிக்கெட்

முதலில் நீளமான காகிதச் சுருளில் துளை போட்டுப் பார்த்தார். சரிப்படவில்லை. சுருளில் எங்கோ இருக்கும் சில பேரைத் தேட, மைல் கணக்கில் காகிதத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

பிறகு ஒரு ரெயில் பயணம் வழி காட்டியது. பிறர் டிக்கெட்டைத் திருடிப் பயணம் செய்வதைத் தடுக்க, அந்தக் காலத்துக் கண்டக்டர்கள் டிக்கெட்டில் பயணியின் அடையாளத்தைத் துளையாகப் போட்டார்கள். தலைமுடியின் நிறத்துக்கு ஒரு துளை. கண்ணுக்கு ஒரு துளை. பெரிய மூக்கா? அதற்கும் ஒரு துளை!

ஆளுக்கு ஒரு அட்டை என்று ஹாலரித் முடிவு செய்தார். அட்டையில் எந்த இடத்தில் துளை இருக்கிறதோ, அதுதான் பதில்.

எந்திரம் வேலை செய்தது இப்படி: அட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் மேலிருந்து ஊசிகள் இறங்கும். துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி புகுந்து, கீழே கிண்ணத்தில் உள்ள பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும். எதிரே கடிகாரம் போன்ற வட்டத்தில் முள் ஒன்று நகரும். மணி அடிக்கும். அட்டையை எடுத்துவிட்டு அடுத்த அட்டையை வைக்க வேண்டியதுதான்.

1889-ம் ஆண்டு போட்டி நடந்தது. ஒரே விவரத்தை மூன்று முறைகளில் எண்ணச் சொன்னார்கள். மற்ற இரண்டு முறைக்கும் 44 மணி நேரமும் 55 மணி நேரமும் ஆயின. ஹாலரித்தின் எந்திரம் ஐந்தரை மணி நேரத்தில் முடித்தது!

எதையும் வைத்துக்கொள்ளாத எந்திரம்

அந்த எந்திரம் எந்த அட்டையையும் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வந்தது, எண்ணியது, விட்டுவிட்டது. ஆகவே 6 கோடி அட்டைக்கும் 40 வட்டங்கள் கொண்ட சிறு பலகையே போதுமாயிருந்தது. களத்தில் நெல் அளப்பவர் அம்பாரத்தையா தூக்குகிறார்? ஒரு மரக்காலாக அளந்து தள்ளுகிறார்.

இன்று கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் இதே பிரச்சினைதான். விவரங்கள் எல்லாம் எங்கோ தூரத்துக் கிடங்கில் இருக்கின்றன. கிளவுட் டேட்டாபேஸ் என்கிறார்கள். அங்கே ஒரு கேள்வி அனுப்பினால், பதில் லட்சக்கணக்கான வரிகளாக ஓடி வரும். அத்தனையையும் தன் நினைவில் அடுக்கிவைத்த பிறகுதான் எண்ணுவேன் என்று புரோகிராம் அடம் பிடித்தால், நினைவு நிரம்பி மூச்சு முட்டிப் படுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, எண்ணி, விட்டுவிட வேண்டும். கை ஓயவில்லை என்றால் அனுப்புகிறவர் காத்திருக்க வேண்டும்.

பாதியில் கம்பி அறுந்தால்? வந்தவரை கூட்டி, இதுதான் மொத்தம் என்று சொன்னால் அது பொய்க் கணக்கு. முடிந்தது என்ற அடையாளம் வந்தால்தான் கணக்கு முழுமை. அதுவரை எந்த இடம் வரை வந்தது என்று குறித்துக்கொண்டால், அங்கிருந்து தொடரலாம்.

ஹாலரித்தின் ஆட்களும் அட்டைகளைக் கட்டுக் கட்டாகத்தான் ஓட்டினார்கள். ஒரு கட்டு முடிந்ததும் முட்கள் காட்டிய எண்களை எழுதிக்கொண்டு, பூஜ்யத்துக்குத் திருப்பினார்கள். மணி அடிக்காவிட்டால் அந்த அட்டையில் ஏதோ தவறு. அதை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள்.

புகழும் சண்டையும்

1890-ம் ஆண்டுக் கணக்கில் முதல் மொத்தம் சில வாரங்களில் வந்துவிட்டது. 6 கோடியே 26 லட்சம். ஜனங்களுக்கு ஏமாற்றம்! இன்னும் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். எந்திரத்தின் மேல் பழி போட்டார்கள். செலவும் குறையவில்லை, முந்திய கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு ஆயிற்று. ஆனால் கேள்விகளும் அதிகம், கிடைத்த விவரமும் அதிகம்.

எந்திரம் அடிக்கடி நின்றதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. யாரோ ஊழியர், கிண்ணத்துப் பாதரசத்தை உறிஞ்சி எச்சில் படிக்கத்தில் விட்டுவிடுவாராம். ரிப்பேர் ஆகும்வரை ஓய்வு!

அதே ஆண்டு செப்டம்பரில் ஹாலரித்துக்கும் லூசியா டால்காட்டுக்கும் கலியாணம் நடந்தது. ஆறு குழந்தைகள் பிறந்தன.

மக்கள் கணக்கோ 10 ஆண்டுக்கு ஒரு முறை. நடுவில் பிழைப்பு? ஒரு பெரிய ரெயில் கம்பெனிக்கு எந்திரம் கொடுத்தார். பயன் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குடும்பக்காரருக்கு அது பலத்த அடி. ஆனாலும் எந்திரத்தைத் திருத்தி அமைத்து, ஓராண்டு இலவசமாக ஓட்டிப் பார்க்கும்படி கொடுத்தார். கம்பெனி ஒப்புக்கொண்டது. 1896-ம் ஆண்டு சொந்தக் கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டு ரஷியாவின் மக்கள் கணக்குக்கும் அவர் எந்திரம் போயிற்று.

எந்திரத்தை அவர் விற்பதில்லை; வாடகைக்குத்தான் விடுவார். வாடகை அதிகம் என்று அரசாங்கம் சொன்னது. அவர் இறங்கிவரவில்லை. பிடிவாதக்காரர். அரசாங்கம் அவரை விட்டுவிட்டு வேறு ஆளை வைத்து எந்திரம் செய்துகொண்டது. அவரை உயர்த்திய மக்கள் கணக்கு வேலை இப்படிக் கைநழுவிப் போனது.

1911-ம் ஆண்டு அவர் கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்தது. அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அந்தக் கூட்டுக் கம்பெனிதான் 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது.

ஹாலரித் மாட்டுப் பண்ணை, படகு என்று காலத்தைக் கழித்தார். 1929-ம் ஆண்டு நவம்பர் 17-ந்தேதி வாஷிங்டனில் மாரடைப்பால் இறந்தார்.