அகமத் ஜான் திரக்வா: பக்கவாத்தியத்திலிருந்து தனிக்கலைக்கு

முன்னுரை

இந்துஸ்தானி இசையரங்கில் தபலா நெடுங்காலம் பக்கவாத்தியமாகவே கருதப்பட்டது. பாடகர், சித்தார்க் கலைஞர், ஆடற்கலைஞர் ஆகியோருக்குத் தாளம் காத்துத் துணைநிற்பதே அதன் கடமை. தபலா, சாரங்கி ஆகியவற்றை இசைத்தோர் கணிகையரின் ஆடல் பாடலுக்கும் வாசித்தமையால் அவர்களுக்குச் சமூக மதிப்பும் குறைவாகவே இருந்தது. இந்நிலை மாறியதில் உஸ்தாத் அகமத் ஜான் திரக்வாவுக்குப் பெரும்பங்கு உண்டு. நாடக மேடை, அரசவை, இசைக்கல்லூரி என்னும் மூவகைப் புரவலர் அமைப்புகளிலும் பணியாற்றிய அவருடைய கலை தனித்தகுதி பெற்ற வரலாற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிறப்பும் பயிற்சியும்

இன்றைய உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத்தில் 1892ஆம் ஆண்டளவில் இசைக்குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையில் குரலிசையும் சாரங்கியும் பயின்றார். பின்னர் தபலாவின்பால் ஈர்க்கப்பட்டுப் பம்பாயில் வாழ்ந்த உஸ்தாத் முனீர் கானின் மாணவரானார். திரக்வா என்பது அவரது இயற்பெயரன்று. துள்ளி அசைதலைக் குறிக்கும் இந்தி வினையடியாகப் பிறந்து, அவருடைய விரல்களின் ஆட்டம் கருதி அமைந்த சிறப்புப்பெயராகும்.

முனீர் கான் ஒரே கரானாவுக்குள் அடங்கியவரல்லர். தில்லி, ஃபரூக்காபாத் மரபுகளின் சொற்கட்டுகளைப் பல ஆசிரியர்களிடம் தேடித் தொகுத்தவர். தில்லி மரபு விரல்களால் தபலாவின் விளிம்பில் எழும் தெளிந்த ஒலிக்கு முதன்மை தரும். லக்னோ, ஃபரூக்காபாத் ஆகிய கிழக்கத்திய மரபுகள் உள்ளங்கையின் வீச்சால் எழும் முழங்கொலிக்கு இடமளிக்கும். இவ்விரண்டும் திரக்வாவின் வாசிப்பில் ஒருங்கிணைந்தன.

நாடக மேடை

மராத்தி இசைநாடகத்தில் பெண்வேடமேற்றுப் புகழ்பெற்ற பால கந்தர்வரின் நாடகக் குழுவில் திரக்வா தபலா வாசித்தார். நாடகப் பாடல்கள் விரிவான இசைக்கச்சேரிபோல் நீண்டொலித்த காலம் அது. பாடலின் பொருளையும் நடிகரின் மூச்சையும் உணர்ந்து வாசிக்கும் பயிற்சியை அம்மேடை அவருக்கு வழங்கியது. அரசவைக்கு வெளியே, நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்த பொதுமக்களும் அவரது திறனை அறிந்தனர்.

அரசவையும் கல்லூரியும்

1936இல் அவர் இராம்பூர் நவாபின் அவைக்கலைஞரானார். 1949இல் இராம்பூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் அத்தகைய அவைகளின் ஆதரவு தளர்ந்தது. பின்னர் லக்னோவின் பாத்கண்டே இசைக்கல்லூரியில் தபலா கற்பித்தார். குடும்பத்தாரும் நெருங்கிய சீடரும் மட்டுமே பெற்றுவந்த சொற்கட்டுகள் வகுப்பறையில் பயில வந்தோர்க்கும் கிட்டின. அவரிடம் பயின்ற நிகில் கோஷ் பின்னாளில் பம்பாயில் சங்கீத் மகாபாரதி என்னும் இசைப்பள்ளியை நிறுவினார்.

தனிவாசிப்பு

தபலாத் தனிவாசிப்பில் அரங்கின் உறவுமுறை தலைகீழாகிறது. சாரங்கி அல்லது ஆர்மோனியம் லெஹரா எனப்படும் சிறு பண்வடிவை மீண்டும் மீண்டும் இசைத்துத் தாளவட்டத்தைக் காக்க, தபலா முதன்மை பெறுகிறது. 16 மாத்திரை கொண்ட தீன்தாலில் பேஷ்கார் நிதானமாகத் தொடங்கும், காயிதா ஒரு சொற்கட்டை அதன் எழுத்துகளுக்குள்ளேயே மாற்றி மாற்றி விரிக்கும், ரேலா விரைந்தோடும், கத், துக்டா முதலியன முன்னரே யாக்கப்பட்ட வடிவங்களாக வெளிப்படும். இவ்வமைப்பைத் திரக்வா தோற்றுவிக்கவில்லை. ஆயின் ஒலித்தூய்மையாலும் வேகத்திலும் குலையாத தெளிவாலும், அதனைத் தனித்துக் கேட்கத்தக்க கலையாக அவையோர் ஏற்கச் செய்தார்.

முடிவுரை

1970இல் பத்மபூஷண் விருது பெற்ற திரக்வா, 1976 சனவரி 13 அன்று லக்னோவில் காலமானார். பிறர்பாட்டைக் கூர்ந்து கேட்டுத் துணைநின்ற பயிற்சியே அவரது தனிவாசிப்புக்கு அடித்தளமாயிற்று. எனவே, பக்கவாத்தியத்தைத் தாழ்ந்த படியாகவும் தனிவாசிப்பை உயர்ந்த படியாகவும் பிரித்துக் காணும் வரலாற்றுப் பார்வை அவர் வாழ்க்கைக்குப் பொருந்தாது. புரவலர் மாறியபோதெல்லாம் அரங்கின் இயல்பு மாறிற்று. துணைநின்று பெற்ற அக்கேள்வித்திறன் மாறவில்லை என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.