கேள்வி நேரத்துச் சத்தியமூர்த்தி

தீரர் சத்தியமூர்த்தி என்றதும் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வருவது சென்னையில் இருக்கும் சத்தியமூர்த்தி பவன்தான். அங்கே கட்சிக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது, வேட்டி கிழிந்தது என்று பேப்பரில் படித்திருப்போம். கொஞ்சம் சரித்திரம் தெரிந்தவர்கள் காமராஜருக்கு அரசியல் குரு என்பார்கள். சிவில் படித்தவர்கள் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தானே என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த மனிதர் தம் வாழ்நாளில் அதிகமாகச் செய்த வேலை இவை எதுவும் இல்லை. கேள்வி கேட்டார், அவ்வளவுதான். சர்க்கார் டிபார்ட்மெண்டுகளைப் பார்த்து, சட்டசபையில் எழுந்து நின்று, வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லக் கடமைப்படாத ஒரு சர்க்காரிடம் அவர் கேட்டார் என்பதுதான் விசேஷம்.

1887 ஆகஸ்ட் 19ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார். அப்பா சுந்தர சாஸ்திரி வக்கீல். அவர் சீக்கிரமே காலமாகிவிட, குடும்பப் பாரம் இளம் வயதிலேயே இவர் தலையில் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று படிப்பு. வக்கீல் தொழிலில் பெரிதாகச் சம்பாதித்தார் என்று சொல்ல முடியாது. கோர்ட்டை விட மேடைதான் அவரை இழுத்தது. மேடை என்றால் அரசியல் மேடை மட்டுமில்லை. சுகுண விலாச சபையில் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களில் நடித்தவர். மனோகரனாக வேஷம் கட்டியிருக்கிறார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற அந்தக் குரல் அங்கேதான் பழகியது. 1919இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் போய், மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பற்றிய பார்லிமெண்டுக் கமிட்டி நடவடிக்கைகளை நேரில் பார்த்தார். மந்திரி எழுந்து பதில் சொல்ல, உறுப்பினர் விடாமல் துருவுகிற அந்த வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கம் அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது என்பது பின்னால் அவர் செய்ததைப் பார்த்தால் தெரிகிறது.

இங்கே ஒரு சின்ன சரித்திரம் சொல்லியாக வேண்டும். இந்தியச் சட்டசபைகளில் கேள்வி கேட்கும் உரிமையே 1892ஆம் வருஷச் சட்டத்தில்தான் வந்தது. அதுவும் ஒரே ஒரு கேள்வி. வந்த பதிலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான், மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. 1909இல், கேள்வி கொடுத்தவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. வாய்மொழியாகப் பதில் வேண்டுமென்றால் கேள்விக்கு நட்சத்திரக் குறி போடும் வழக்கமும் அந்தச் சமயத்தில் வந்ததே. கேட்டால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் எழுதிக் கொடுத்த கேள்விக்கு ஆபீஸில் உட்கார்ந்து பத்து நாள் யோசித்துப் பதில் தயாரிக்கலாம். துணைக் கேள்விக்கு அங்கேயே, நின்ற இடத்திலேயே பதில் சொல்லியாக வேண்டும். டிபார்ட்மெண்டின் உண்மையான லட்சணம் அந்த இடத்தில்தான் வெளியே வரும்.

காங்கிரஸில் அப்போது பெரிய சண்டை. சட்டசபையைப் புறக்கணிப்பதா, உள்ளே போய்ப் போராடுவதா என்று இரண்டு கட்சி. சத்தியமூர்த்தி உள்ளே போகும் கட்சி, அதாவது சுயராஜ்யக் கட்சி. 1923இல் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கு வந்தார். அப்போது இரட்டையாட்சி. கல்வி, சுகாதாரம் மாதிரி இலாகாக்கள் மந்திரிகளிடம் இருந்தன. போலீஸ், வருவாய், நிதி இவையெல்லாம் கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர்களிடம். அவர்களை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. சரி, இறக்க முடியாது, கேட்கலாமில்லையா? இதுதான் சத்தியமூர்த்தியின் வழி.

1928இல் வந்தது பாரதி பாடல்கள் விவகாரம். பர்மா சர்க்கார் பாரதியின் நூல்களைத் தடை செய்ய, அதைச் சாக்கிட்டுச் சென்னையிலும் போலீஸ் புகுந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பாரதி இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த அக்டோபரில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு இதை இப்போதே பேசு என்பதுதான் ஒத்திவைப்புத் தீர்மானத்தின் அர்த்தம். தேசத்தை நேசிப்பது எந்தச் சட்டப்படி குற்றம் என்பதைச் சுற்றியே வாதம் போயிற்று. சபையில் தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தது. சர்க்கார் அதற்குக் கட்டுப்பட்டதல்ல என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு கவிஞனுக்காக மாகாணச் சட்டசபை தன் வேலையை நிறுத்தியது என்பது ரெக்கார்டில் நிற்கிறது.

அதே சபையில் அவர் தப்பான பக்கம் நின்ற ஒரு விஷயமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியபோது, கலை அழியும், சம்பிரதாயம் கெடும் என்று எதிர்த்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர் இவர். சர்க்காரைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த அளவுக்குத் தம் சமூகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம் இவற்றின் மேல் அவருக்கிருந்த பிரியம் நிஜம், சங்கீத வித்வத் சபைக்கு உழைத்தவர், எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெண்களின் வாழ்க்கை என்ற கேள்வி அதில் அடிபட்டுப் போயிற்று. மலரில் எழுதுகிறோம் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

1934 தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் ஜஸ்டிஸ் கட்சியின் பெரும் தலையான ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து, மத்திய சட்டசபைக்குப் போனார். டில்லியில் குளிர்காலத்தில், சிம்லாவில் செப்டம்பர் வாக்கில் சபை கூடும். பூலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சித் தலைவர். பின்னாளில் இவர் துணைத் தலைவர். எதிரே நிதி உறுப்பினர் சர் ஜேம்ஸ் கிரிக், உள்துறைக்கு சர் ஹென்றி கிரெய்க், சட்டத்துக்கு சர் என்.என். சர்க்கார். சபைத் தலைவர் நாற்காலியில் சர் அப்துர் ரஹீம். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சத்தியமூர்த்தி பிச்சு உதறினார்.

அவர் முறை என்ன தெரியுமா? முதல் கேள்வி சாதுவாக இருக்கும். ராணுவத்தில் இந்திய அதிகாரிகள் எத்தனை பேர், ரயில்வேயில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளுக்கு என்ன வசதி, கடல் கடந்து போன இந்தியத் தொழிலாளர் நிலைமை என்ன, இப்படி. எதிர்ப்பக்கம் எழுந்து ஒரு எண்ணைச் சொல்லும். போன வருஷம் எத்தனை என்று அடுத்தது வரும். ஏன் கூடவில்லை என்று அதற்கடுத்தது. கூட்டுவதாக உத்தேசம் உண்டா? எப்போது? பரிசீலனையில் இருக்கிறது என்றால், யார் பரிசீலிக்கிறார்கள், எத்தனை நாளாக? தகவல் இல்லை என்றால், தகவலைத் தருவிப்பீர்களா? பொதுநலன் கருதிச் சொல்ல இயலாது என்றால், எந்தப் பொதுஜனத்தின் நலன்? நாலாவது துணைக் கேள்வியில் இலாகாவின் சாயம் வெளுத்துவிடும். கிரிக் துரை கோபக்காரர். அவரைச் சீண்டுவதில் இவருக்குத் தனி ருசி.

தடைகள் எக்கச்சக்கம். வெளிநாட்டு உறவு பற்றிக் கேட்கக் கூடாது. சமஸ்தானங்கள் பற்றிக் கேட்கக் கூடாது. அதாவது, சத்தியமூர்த்தி தாம் பிறந்த புதுக்கோட்டையில் நடப்பதைப் பற்றி டில்லியில் வாயைத் திறக்க முடியாது! கவர்னர் ஜெனரல் நினைத்தால் எந்தக் கேள்வியையும் நிராகரிக்கலாம். சபை நிதி மசோதாவைத் தோற்கடித்தால், வைஸ்ராய் ஒரு கையெழுத்துப் போட்டு அதைச் சட்டமாக்கிவிடுவார். வருஷா வருஷம் இந்தக் கூத்து நடந்தது. அப்படியும் பலன் இல்லாமல் போகவில்லை. 1932இல் பிரிட்டனுக்குச் சாதகமாகச் செய்துகொண்ட ஒட்டாவா வர்த்தக உடன்பாட்டை 1936இல் சபை நிராகரித்தது. சர்க்கார் அதை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டி வந்தது.

நம்மில் அரசு இலாகாவில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சட்டமன்றக் கேள்வி ஒன்று டிவிஷன் ஆபீஸுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தூசி படிந்து கிடந்த ஃபைல் மூன்று மணி நேரத்தில் கிடைத்துவிடும். ஜே.இ. சைட்டுக்கு ஓடுவார். எஸ்டிமேட் என்ன, செலவு என்ன, எத்தனை சதவீதம் முடிந்தது என்று ஸ்டேட்மெண்ட் தயாராகும். பதில் சபையில் படிக்கப்படுகிறதோ இல்லையோ, அந்தக் கால்வாயை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார். கேள்வியின் பாதி பலன் அங்கேயே கிடைத்துவிடுகிறது. இன்றைக்கு மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, எழுத்து மூலம் பதில் பெறும் கேள்வி 230 என்று கணக்கு. அத்தனைக்கும் பின்னால் எங்கோ ஒரு செக்ஷன் கிளார்க் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

1937 மாகாணத் தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக் கொடுத்தார். காங்கிரஸ் மந்திரி சபை வந்தது, அதில் சத்தியமூர்த்தி இல்லை. வருத்தம் இருந்திருக்கும், மனுஷன்தானே. டில்லிக்குத் திரும்பிப் போய்க் கேள்வி கேட்கும் வேலையைத் தொடர்ந்தார்.

1939இல் யுத்தம் வந்தது. சபையைக் கேட்காமல் இந்தியத் துருப்புகளை வெளிநாட்டுக்கு அனுப்பியதைக் கண்டித்துக் காங்கிரஸ் உறுப்பினர்கள் மத்திய சபைக்குப் போவதை நிறுத்தினார்கள். மாகாண மந்திரி சபைகளும் ராஜினாமா செய்தன. கேள்வி கேட்கிற இடமே இல்லாமல் போய்விட்டது. அந்த நவம்பரில்தான் சென்னை மாநகராட்சியின் மேயரானார். இப்போது நிலைமை தலைகீழ். குடிதண்ணீர் எங்கே என்று ஜனங்கள் இவரைக் கேட்கிறார்கள்!

சென்னையின் தண்ணீர்க் கஷ்டம் இன்று நேற்று வந்ததல்ல. செங்குன்றம் ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர். அதற்குத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றைத் திருப்பி, சோழவரம் வழியாகக் கொண்டு வருவார்கள். ஆற்றில் வெள்ளம் வருவதோ ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்தான். அணைக்கட்டு தண்ணீரைத் திருப்பும், தேக்காது. திருப்பியது போக மிச்சமெல்லாம் எண்ணூர்ப் பக்கம் கடலுக்குப் போய்விடும். மழை தப்பிய வருஷத்தில் ஊர் திண்டாடும். மேலே ஒரு இடத்தில் வெள்ளத்தைத் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிட வேண்டும். பூண்டித் திட்டத்தின் சாராம்சம் இவ்வளவுதான்.

ஆனால் மாநகராட்சி தன் இஷ்டத்துக்கு அணை கட்டிவிட முடியாது. மாகாண சர்க்கார் அனுமதி வேண்டும். அந்த சர்க்காரோ அப்போது மந்திரிகள் இல்லாத கவர்னர் ஆட்சி, ஐ.சி.எஸ். ஆலோசகர்கள் கையில். யுத்தகாலத்தில் குடிதண்ணீருக்குப் பணமா என்று தட்டிக் கழிக்க நல்ல சாக்கு. மேயர் பதவியோ ஒரே வருஷம். டில்லியில் இத்தனை வருஷம் எந்த வர்க்கத்து அதிகாரிகளைக் குடைந்து எடுத்தாரோ, அதே வர்க்கத்திடம் போய் அனுமதி வாங்க வேண்டிய நிலைமை. விட்டுவிடவில்லை. ஃபைல் எங்கே நிற்கும், எந்த மேஜையில் தூங்கும் என்பது அவருக்குத் தெரியாததா? பதவியேற்று ஒன்பது மாதத்தில், 1940 ஆகஸ்ட் 8ஆம் தேதி, கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்பது மாதத்தின் மதிப்பு புரியும். இன்றைக்கு ஒரு டி.பி.ஆர். தயாராகவே அதற்கு மேல் ஆகும்!

அதே 1940இல் தமிழ்நாடு காங்கிரஸுக்குக் காமராஜ் தலைவரானார். முன்பு 1936இல் சத்தியமூர்த்தி தலைவராக இருந்தபோது காமராஜ் செயலாளர். இப்போது சிஷ்யன் தலைவர், குரு செயலாளர். இதில் அவர் கௌரவம் பார்க்கவில்லை. அந்த நவம்பரில் யுத்தச் செலவுக்கான துணை நிதி மசோதாவை எதிர்க்கவென்றே காங்கிரஸ் மறுபடி மத்திய சபைக்குள் போயிற்று. மசோதா தோற்றது. வழக்கம்போல வைஸ்ராய் கையெழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தனிநபர் சத்தியாக்கிரகம், ஜெயில்.

1942 ஆகஸ்டில் பம்பாய் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம் முடிந்து ஊர் திரும்பும்போது கைது செய்தார்கள். மத்திய மாகாணத்து அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்கெனவே சீராக இல்லாத உடம்பு. அந்தப் பிரயாணத்திலும் சிறையிலும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு எழுந்திருக்க முடியாமல் ஆயிற்று. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1943 மார்ச் 28ஆம் தேதி காலமானார். வயது 55.

பூண்டி அணை 1944இல் கட்டி முடிந்தது. திறந்து வைத்தவர் அடிக்கல் நாட்டிய அதே ஆர்தர் ஹோப். பின்னாளில் நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். 1996இல் கிருஷ்ணா நதித் தண்ணீர் ஆந்திராவிலிருந்து கால்வாய் வழியாக முதலில் வந்து விழுந்ததும் அங்கேதான். இன்றைக்கு அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி.